கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்: ஸ்கூட்டர் இன்ஜினை வீட்டிலேயே பராமரிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், மகளின் பிரசவத்துக்காக ஒன்றரை மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தார். வாசலிலேயே நின்றிருந்த ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகினால் மூச்சு முட்டினாற்போல் அடங்கி நின்றுவிட்டது. இரண்டு கடைகளில் காட்டினார். இரண்டிலும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் திருகைத் திருப்பி, ஐட்லிங்கை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை) ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஓடும், மறுநாள் பழைய கதை. "தம்பி, கார்புரேட்டரையே மாத்தணுமாம். நீ ஒரு தடவ பாரேன்" என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் காற்று போகும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒரு குச்சியால் அதைச் சுரண்டி எடுத்து, ஃபில்டரை மாற்றி, திருகிவைத்த கார்புரேட்டரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். வண்டி சரியாகிவிட்டது.

புதிதாக ஸ்கூட்டர் இன்ஜினில் கைவைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். டியூனிங் என்றாலே கார்புரேட்டர் திருகு என்று நினைக்கிறோம். உண்மையில் அது கடைசிப் பத்து நிமிட வேலை. காற்று, ஆயில், பிளக், டேப்பட் (வால்வு இடைவெளி), பெட்ரோல் ஐந்தும் ஒழுங்காக இருந்தால்தான் அந்தத் திருகுக்கு அர்த்தம் உண்டு. இவற்றில் ஒன்று கெட்டிருக்கும்போது திருகைத் திருப்பினால், ஒரு குறையை இன்னொரு குறையால் மூடுகிறோம்.

இங்கே நான் சொல்வது 2020-க்கு முந்தைய, கார்புரேட்டர் வைத்த ஸ்கூட்டர்களுக்கு. ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ், ஸ்கூட்டி பெப் பிளஸ் எல்லாம் இந்த வகைதான். 87.8 சிசி பெப் பிளஸ்ஸிலிருந்து 124 சிசி ஆக்சஸ் வரை அளவு மாறினாலும் அடிப்படை ஒன்றே: ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு, விசிறி வைத்துக் காற்றால் குளிர்விக்கும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். பிஎஸ்-6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கருவிகளும் ஓர் எச்சரிக்கையும்

நல்ல ரிங் ஸ்பேனர் செட், பிளக் பானா, தட்டை முனையும் ஸ்டார் முனையும் கொண்ட திருப்புளிகள், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து), ஆயில் பிடிக்க ஒரு பழைய தட்டு, துணி. ஃபீலர் கேஜ் தவிர மற்றவை பல வீடுகளில் இருக்கும். அதையும் வாங்கிவிடுங்கள், விலை குறைவுதான். வண்டியோடு வந்த கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி.

இன்ஜினை ஓடவிட்டுச் செய்யும் எந்த வேலையையும் வாசலில், திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வந்த பிறகு தெரிந்து பயனில்லை. பெட்ரோலைத் தொடும் வேலை என்றால் பக்கத்தில் விளக்கோ, அடுப்போ, பீடியோ இருக்கக் கூடாது.

முதலில் காற்று

ஏர் ஃபில்டர் பெட்டி பெரும்பாலும் வண்டியின் இடப்பக்கம், பெல்ட் கவருக்கு மேலே இருக்கும். மூடியின் திருகுகளைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இன்று பல ஸ்கூட்டர்களில் வருவது எண்ணெய் தடவிய காகித ஃபில்டர். தொட்டால் பிசுபிசுக்கும். அதைக் காற்றடித்தோ தட்டியோ சுத்தம் செய்யக் கூடாது. அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கிறது. கருத்துப் போயிருந்தால் புதிது போடுங்கள். ஏறக்குறைய 15,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றினால் போதும். செங்கல் சூளை, மண் சாலை, குவாரி லாரி ஓடும் பாதை என்றால் பாதி தூரத்திலேயே மாற்ற வேண்டிவரும்.

ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் கதை வேறு. சோப்புத் தண்ணீரில் கசக்கிக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, இன்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டுப் பிழிந்து மாட்டலாம். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், உள்ளங்கையில் வைத்து அமுக்குங்கள்.

பெட்டியின் அடியில் ஒரு சின்ன ரப்பர் குழாய் தொங்கும், அதன் நுனி அடைத்திருக்கும். இன்ஜின் மூச்சோடு வரும் ஆயிலும் தண்ணீரும் அதில் தேங்குகின்றன. அதைத் திறந்து வடித்துவிடுங்கள். பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் இணைப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வழியாக இன்ஜின் திருட்டுக் காற்றை இழுத்தால் ஐட்லிங் தானாக ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஓடும்போது இணைப்பின் மேல் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

குளிர்விக்கும் காற்றையும் மறக்காதீர்கள். இந்த இன்ஜின் பிளாஸ்டிக் மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்காற்று அதன்மேல் படுவதில்லை. மேக்னெட்டில் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரத்தில்) பொருத்திய விசிறி காற்றை இழுத்து, அந்த மூடி வழியாக சிலிண்டர் துடுப்புகளுக்கு அனுப்புகிறது. விசிறி வலையில் சேறு அடைத்தால் இன்ஜின் வேகும். "காற்று நன்றாகப் படட்டும்" என்று யாராவது அந்த மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். மூடி இல்லாவிட்டால் விசிறிக் காற்று துடுப்புக்குப் போகாமல் வெளியே சிதறிவிடும்.

ஆயில்

இந்த இன்ஜின்களுக்குள் இருப்பது ஏறக்குறைய முக்கால் லிட்டர் ஆயில்தான். அதில் 200 மி.லி. எரிந்துபோனால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் ஆயில் மாற்றுவதைவிட, மாதம் இரண்டு முறை அளவு பார்ப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பாருங்கள். ஆக்டிவா போன்ற வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

டப்பாவில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று தடிமன். பல ஸ்கூட்டர்களுக்கு 10டபிள்யூ-30 சொல்லியிருப்பார்கள். இன்னொன்று 'ஜாஸோ எம்பி' (JASO MB) என்ற ஜப்பானியத் தரக் குறியீடு. பைக்கில் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும், அது வழுக்காமலிருக்க 'எம்ஏ' வகை ஆயில் வேண்டும். ஸ்கூட்டர் கிளட்ச் தனி அறையில் உலர்ந்து இருப்பதால் உராய்வு குறைந்த 'எம்பி' போதும். ஸ்கூட்டர் ஆயிலை வீட்டிலுள்ள பைக்கில் ஊற்றிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

மாற்றும்போது இன்ஜினை நான்கைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான ஆயில் அழுக்கோடு சேர்ந்து வடியும். இப்போது கவனம்: வண்டிக்கு அடியில் இரண்டு டிரெயின் நட்டுகள் இருக்கும். இன்ஜினுக்கு ஒன்று, பின் சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டிக்கு ஒன்று. புதியவர்கள் கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் இருக்கும் பழைய ஆயிலின் மேலேயே புதிதை ஊற்றிவிடுவதுண்டு. கியர் பெட்டி காய்ந்துபோகும், இன்ஜினில் ஆயில் வழிந்து ஃபில்டர் வரை ஏறும். வடியும் அளவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கியர் ஆயில் ஒரு சின்ன டம்ளர் அளவுக்குத்தான், 100 மி.லி.யைச் சுற்றி வரும்.

நட்டைத் திறந்ததும் உள்ளே ஸ்பிரிங்கும் கம்பி வலையும் விழுந்தால் பயப்பட வேண்டாம், சில வண்டிகளில் அப்படித்தான். எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, வலையைப் பெட்ரோலில் அலசுங்கள். நட்டின் வாஷரைப் புதிதாக மாற்றி, முதலில் கையால் திருகி, அப்புறம்தான் ஸ்பேனர். இன்ஜின் உடம்பு அலுமினியம். கோணலாக ஏற்றினாலோ பலம் காட்டினாலோ மரை போய்விடும். போன மரையைச் சரிசெய்வது லேத் பட்டறை வேலை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? சில கையேடுகளில் 6,000 வரை போட்டிருக்கும். நான் 3,000-க்கு மாற்றுகிறேன். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிந்த பெட்ரோலின் நீராவி உள்ளேயே தண்ணீராகி ஆயிலில் கலக்கிறது. மழைக்காலத்தில் ஆயில் மூடியின் உட்புறம் மோர் நுரை போலத் தெரிந்தால் அதுதான் காரணம். வாரம் ஒரு நாள் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் அது ஆவியாகிப் போகும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் அது வேறு நோய். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக்கோ, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் கார்புரேட்டர் மிதவையோ கசிகிறது. அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

பிளக்

இன்ஜின் ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கழற்றுங்கள். முனையில் இளம் காபிப்பொடி நிறம் இருந்தால் எரிப்பு சரி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. பளபளவென்று ஈரக் கரி என்றால் ஆயில் எரிகிறது. வெளுத்துப்போய்ப் பொரிந்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடேறுகிறது. ஐட்லிங்கில் அரை மணி நேரம் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலைந்து கிலோமீட்டர் நல்ல வேகத்தில் ஓட்டி, உடனே நிறுத்தி, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

முனை இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் பிளக்குக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். மாட்டும்போது விரலால் கடைசிவரை திருகுங்கள். அதன்பின் பானாவால் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழைய பிளக்குக்கு எட்டில் ஒரு சுற்று. அதற்குமேல் வேண்டாம்.

டேப்பட்: பலரும் தொடாமல் விடுவது

இந்த இன்ஜின்களில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது. வால்வின் முனைக்கும் அதைத் தள்ளும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே, தலைமுடித் தடிமனை ஒத்த இடைவெளி இருக்க வேண்டும். பல சிறு ஸ்கூட்டர்களில் இது 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் வரும். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் (மூடும்போது அது வந்து உட்காரும் விளிம்பில்) பதிந்து மேலேறுவதால் பெரும்பாலும் இந்த இடைவெளி குறையும். முழுவதும் குறைந்துவிட்டால் வால்வு சரியாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கை வழியாகத்தான் இறக்குகிறது. மூடவில்லை என்றால் அது கருகும்.

அதனால்தான் சத்தம் போடும் டேப்பட்டைவிடச் சத்தமே போடாத டேப்பட்டைக் கண்டு நான் அஞ்சுகிறேன். இடைவெளி அதிகமானால் டிக்டிக்கென்று தையல் மிஷின் போலக் கேட்கும், சொல்லிவிட்டுத்தான் கெடும். இறுகிப்போனால் வண்டி அமைதியாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகும், சூடான பிறகு கடைவாசலில் நிறுத்தி எடுத்தால் ஆகாது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கும்.

செய்முறை இது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் ஆரம்பியுங்கள். இன்ஜின் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் அந்த நிலை கிடைக்காது. பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இன்ஜினைச் சுற்றுவது சுலபமாகும். வால்வு மூடியைத் திறங்கள். விசிறிப் பக்கம் மேக்னெட் நட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, மேக்னெட்டில் உள்ள ஆங்கில 'T' குறியை உடம்பிலுள்ள குறிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடாமல் இறுகியிருந்தால் பிஸ்டன் மேலேதான் இருக்கிறது, ஆனால் புகையைத் தள்ளும் சுற்றில் இருக்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி அதே குறிக்கு வாருங்கள்.

கையேட்டில் சொன்ன தடிமனுள்ள ஃபீலர் தகட்டை இடைவெளிக்குள் விடுங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே இன்னொரு தாளை இழுப்பதுபோல லேசான பிடிப்போடு வர வேண்டும். வராவிட்டால் லாக் நட்டைத் தளர்த்தி, நடுத்திருகைச் சரிசெய்து, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு மாறியிருக்கும், ஆகவே மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். எனக்கு முதல் முறை ஐந்தாறு தடவை ஆனது. முடித்ததும் இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, இன்னொரு முறை அளந்துவிட்டு மூடுங்கள்.

பெட்ரோலும் கடைசியில் கார்புரேட்டரும்

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிதிருகு இருக்கும். அதன் குழாயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டுத் திறந்து, வருவதைப் பாருங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீரோ, துருப்பொடியோ தங்கினால் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துவாரத் திருகுகளை) கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது பம்புகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கை எப்போதும் அடிமட்டத்தில் வைத்து ஓட்டும் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். ஜெட் துவாரத்தைக் கம்பியால் குத்தாதீர்கள். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். துவாரம் ஒரு துளி பெரிதானாலும் வண்டி பெட்ரோல் குடிக்கும்.

சரி, இப்போது டியூனிங். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இரண்டு திருகுகளைக் கண்டுபிடியுங்கள். ஆக்சிலேட்டர் தகட்டைத் தாங்கி நிற்பது ஐட்லிங் திருகு. இன்னொன்று, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை மாற்றும் கலவைத் திருகு. 2020-க்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த வண்டிகளில் இதை மூடியிருப்பார்கள், அல்லது சாதாரணத் திருப்புளி நுழையாத தலை வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, கலவைத் திருகை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் தட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனை இருக்கையைக் கெடுத்துவிடும். பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கைச் சற்றே ஏற்றுங்கள். இனி கலவைத் திருகை ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, ஐந்து விநாடி காத்திருந்து கேளுங்கள். ஒரு பக்கம் சத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் மறுபடி இறங்கத் தொடங்கும். உச்சமாகவும் சீராகவும் கேட்கும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் அது கிடைக்கும். மூன்று சுற்று தாண்டியும் கிடைக்கவில்லை என்றால் ஜெட் அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கிறது, முதல் படிக்குத் திரும்புங்கள்.

அப்புறம் ஐட்லிங் திருகை இறக்குங்கள். பல வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 1,500 முதல் 1,800 சுற்று வரை சொல்லியிருக்கும். சுற்று காட்டும் மீட்டர் நம் ஸ்கூட்டர்களில் இருக்காது. காதையும் பின் சக்கரத்தையும் நம்பலாம். ஐட்லிங்கில் சக்கரம் சோம்பலாகச் சுற்றுவது சகஜம், பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். விட்டதும் வேகமெடுத்தால் கிளட்ச் பிடிக்கிறது, ஐட்லிங் அதிகம். கடைசியாக ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகி விடுங்கள். தயங்காமல் ஏறி, அணையாமல் இறங்கினால் வேலை முடிந்தது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அப்போது சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது.

இன்ஜின் குறை இல்லாத இன்ஜின் குறைகள்

சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட்டையோ ரோலரையோ சந்தேகப்படுங்கள். கிளம்பும்போது உதறினால் கிளட்ச் ஷூ. பெல்ட்டை 20,000 முதல் 25,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது நல்லது, அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கத் தனிக் கருவிகள் வேண்டும். முதல் வருடம் மெக்கானிக்கிடமே விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல். ஓடும்போது தொடர்ந்து வந்தால் ரிங், போர் (பிஸ்டன் வளையம், சிலிண்டர் உட்சுவர்) வேலை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் செல்ஃபோ கிக்கரோ அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கணினியும் சென்சார்களும் தீர்மானிக்கின்றன. அங்கே திருக எதுவும் இல்லை. ஆனால் ஃபில்டர், ஆயில், பிளக், டேப்பட் நான்கும் அப்படியே பொருந்தும். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தபடியே இருந்தால் சர்வீஸ் சென்டரில் கோளாறு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதானால், கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். டேங்கை நிரப்பி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவையுங்கள். ஏர் ஃபில்டர் குழாயின் வாயிலும் சைலன்சர் வாயிலும் துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள், குளவி வராது. துணி இருப்பதை எழுதி ஒரு சீட்டைச் சாவியிலேயே கட்டிவிடுங்கள், எடுப்பவர் நீங்களாகவே இருந்தாலும்.